முகப்பில் இருக்கும் ஆண்டு முகப்பின் ஆண்டு: பெங்களூரு கண்டோன்மெண்டில் ஒரு பழைய கடையின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி

ஆங்கிலேயரின் படைமுகாமாக இருந்த பெங்களூரு கண்டோன்மெண்டில், கமர்ஷியல் தெருவுக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில் என் சித்தப்பா துணிக்கடை வைத்திருக்கிறார். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் நடுவில், உதிக்கும் சூரியனைப் போன்ற ஒரு காரை வேலைப்பாட்டின் கீழே, 1934 என்று புடைப்பு எழுத்தில் இருக்கும். அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் 'அது முப்பத்து நாலில் கட்டியது' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். பின்கட்டில் சரக்கு அறையின் நிலைவாசலைத் துடைத்தபோது அதில் தமிழ் எழுத்துகள் தென்பட்டன. அன்று தொடங்கிய வேலை இரண்டு ஆண்டுகள் இழுத்தது.

அந்த இரண்டு ஆண்டுகளில் தெரிந்துகொண்டதை, இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடைவீதிக் கட்டடத்துக்கு ஒரே ஒரு பிறந்த ஆண்டு கிடையாது. வீட்டை ஒருவர் கட்டி ஒரு குடும்பம் ஆண்டு அனுபவிக்கும். கடையை ஒவ்வொரு வாடகைதாரரும் தன் வியாபாரத்துக்கு ஏற்ப வெட்டுவார், ஒட்டுவார், முன்னே நீட்டுவார். ஆகவே 'இது எப்போது கட்டியது?' என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். 'இந்தச் சுவர் எப்போது? இந்தக் கூரை எப்போது? இந்த முகப்பு எப்போது?' என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

முதலில் கண், பிறகு காது

பெரும்பாலோர் நேராகப் பெரியவர்களிடம் கதை கேட்கப் போகிறார்கள். நான் அதை இரண்டாவதாக வைப்பேன். 'இங்கே குதிரை லாயம் இருந்தது' என்று ஒருவர் சொல்லிவிட்டால், பிறகு பார்க்கும் ஒவ்வொரு இரும்பு வளையமும் குதிரை கட்டியதாகவே தெரியும். கட்டடத்தை முதலில் வெறுங்கண்ணால் பாருங்கள்.

உரிமையாளரிடமும் வாடகைதாரரிடமும் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். பழைய கடைகளில் பத்திரத்தகராறு இல்லாத இடம் அரிது. டேப்பும் நோட்டுமாக ஒருவர் வந்து நின்றால், பங்காளி அனுப்பிய ஆள் என்றுதான் முதலில் நினைப்பார்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுவது நல்லது.

ஒரு டேப், டார்ச், நோட்டு, பென்சில், கைபேசி போதும். கீழ்த்தளத்தின் வரைபடத்தை நீங்களே வரையுங்கள். அழகாக வர வேண்டியதில்லை, அளவுகள் சரியாக இருந்தால் போதும். ஒவ்வொரு சுவரின் தடிமனையும் கதவு, ஜன்னல் திறப்புகளில் அளந்து குறியுங்கள். இதுதான் முழு வேலையிலும் அதிகப் பலன் தரும் ஒரு மணி நேரம். எங்கள் கடையில் முன்பாதிச் சுவர்கள் 9 அங்குலம், பின்பாதிச் சுவர்கள் 2 அடி. ஒரே ஆள் ஒரே நேரத்தில் கட்டியிருந்தால் நடுவில் அப்படித் திடீரென்று இளைக்காது. 1934க்கு முதல் அடி அங்கேதான் விழுந்தது.

அளவுகள் கூட்டுத்தொகையில் ஒத்துவருகின்றனவா என்றும் பாருங்கள். வெளியே அளந்த நீளத்துக்கும் உள்ளே அறைகளின் கூட்டுநீளத்துக்கும் மூன்று அடி இடித்தால், எங்கோ அடைக்கப்பட்ட மாடிப்படியோ கிணறோ அலமாரியோ ஒளிந்திருக்கிறது.

பொருள்களைப் படிப்பது

இங்கே ஒரே விதிதான் உண்டு. ஒரு பொருள் 'இதற்கு முன்னால் இருக்க முடியாது' என்று மட்டுமே சொல்லும், 'இந்த ஆண்டில்தான்' என்று ஒருபோதும் சொல்லாது. பழைய பொருளைப் புதிய கட்டடத்தில் வைக்கலாம், புதிய பொருளைப் பழைய கட்டடம் கட்டும்போதே உள்ளே வைத்திருக்க முடியாது. சுவருக்குள் புதைந்த பொருள் சுவரின் வயதைப் பேசும். சுவரின் மேல் ஆணியடித்த பொருள் தன் வயதை மட்டுமே பேசும்.

சாந்து. பூச்சு உதிர்ந்த ஓர் இடத்தைத் தேடுங்கள், நீங்களாகச் சுரண்டாதீர்கள். சாம்பல் நிறத்தில், சாவியால் கீறினாலும் அசையாமல் இருந்தால் சிமெண்ட். வெண்மையாகவோ, செங்கல் தூள் கலந்து இளஞ்சிவப்பாகவோ, நகத்தால் கீறினால் பொடியாகி, இடையிடையே வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகளுடன் இருந்தால் சுண்ணாம்புச் சாந்து. செங்கல் தூளைச் சுர்க்கி என்பார்கள். பெங்களூருவில் சிமெண்ட் பரவிய பிறகும் பல ஆண்டுகள் சுண்ணாம்பு புழக்கத்தில் இருந்தது. ஆகவே சுண்ணாம்பு என்பதாலேயே கட்டடம் மிகப் பழையது என்று துள்ள வேண்டாம். சிமெண்ட் இருந்தால் அந்தப் பகுதி பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டோ அதற்குப் பிந்தையதோ என்று மட்டும் சொல்லலாம்.

கூரை. பழைய பெங்களூரு, சென்னைக் கட்டடங்களில் மெட்ராஸ் டெரஸ் அடிக்கடி தென்படும். நெருக்கமாக அடுக்கிய தேக்கு உத்திரங்களின் மேல், செங்கற்களைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்திக் குறுக்காக அடுக்கி, சுண்ணாம்பும் சுர்க்கியும் ஊற்றிக் கெட்டிப்படுத்திய தளம் அது. கீழிருந்து பார்த்தால் மரக்கட்டைகளின் வரிசை, இடையில் சாய்ந்த செங்கல் விளிம்புகள். அடுத்த தலைமுறையில் தேக்குக்குப் பதில் இரும்பு உத்திரங்கள் வந்தன. இரண்டு உத்திரங்களுக்கு இடையே சிறு செங்கல் வளைவுகள் தவழும். இதை ஜாக் ஆர்ச் என்பார்கள். எங்கள் கடையின் முன்பாதி இந்த வகை.

இரும்பு உத்திரத்தைக் கண்டால் டார்ச் அடித்துப் பக்கவாட்டைப் பாருங்கள். உருட்டும் ஆலையிலேயே பெயரைப் புடைப்பாக அச்சிட்டு அனுப்புவார்கள். டார்மன் லாங் என்று இருந்தால் இங்கிலாந்தில் இருந்து கப்பலில் வந்தது. டாடா என்று இருந்தால் கணக்கு எளிது: ஜாம்ஷெட்பூரில் 1912ல்தான் எஃகு உற்பத்தி தொடங்கியது, அதற்கு முன்னால் அந்த உத்திரம் இருக்க முடியாது. எங்கள் முன்பாதியில் டாடா. 1934 முகப்புடன் ஒத்துப்போகிறது.

ஓடு. பின்கட்டின் கூரை மங்களூர் ஓடு. இங்கே நான் முதலில் ஏமாந்தேன். மாற்றுவதற்காகக் கழற்றிய ஓட்டின் பின்புறம் பேசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மதப்பணிச் சபையின் பெயரோடு 1865 என்று அச்சாகியிருந்தது. ஓடிவந்து சித்தப்பாவிடம் 'நூற்றைம்பது ஆண்டு!' என்று கத்தினேன். மங்களூரு ஜெப்புவில் அந்த மிஷனைச் சேர்ந்த ஜியார்ஜ் பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியப் பாதிரியார் முதல் ஓட்டு ஆலையைத் தொடங்கிய ஆண்டுதான் 1865. ஓட்டில் அச்சிட்டிருப்பது நிறுவனம் தொடங்கிய ஆண்டு, ஓடு சுட்ட ஆண்டு அல்ல. ஆல்புகெர்க் என்ற மற்றொரு மங்களூர் நிறுவனத்தின் ஓடுகளில் வரும் 1868உம் இப்படித்தான். நிறுவனத்தின் பெயர்தான் உண்மையில் பேசும். முதல் உலகப் போருக்குப் பிறகு பேசல் மிஷனின் ஆலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போயின. ஆகவே காமன்வெல்த் பெயர் அச்சாகியிருந்தால் போருக்குப் பிந்தைய ஓடு. ஓட்டைத் திருப்பிப் பார்க்கும் வாய்ப்பு கூரை மாற்றும்போது மட்டுமே கிடைக்கும், கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மின்சாரம். சிவசமுத்திரத்தில் இருந்து மின்சாரம் வந்து பெங்களூரு தெருவிளக்குகள் எரிந்தது 1905ல். ஆகவே மரப்பட்டிக்குள் ஓடும் பழைய ஒயரும் பித்தளைக் குமிழ் சுவிட்சும் அதற்குப் பிந்தையவை. ஒயர் பூச்சுக்குள் புதைந்திருக்கிறதா, மேலே ஓடுகிறதா என்று பாருங்கள். மேலே ஓடினால் சுவர் மின்சாரத்துக்கு முந்தையதாக இருக்கலாம். செத்த ஒயர் என்று யார் சொன்னாலும் தொடாதீர்கள்.

தளவரிசை, கதவுப் பலகை போன்றவற்றை வேகமாகக் கடக்கலாம், அவை அடிக்கடி மாறுபவை. வண்ணப் பூ போட்ட சிமெண்ட் டைல் இருந்தால் ஒன்றைத் தூக்கும்போது பின்னால் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மும்பையின் பாரத் ஃப்ளோரிங்ஸ் 1922ல் தொடங்கியது. அதன் டைல் அதற்கு முன்னால் வந்திருக்க வழியில்லை. பழைய கடைகளில் ஷட்டருக்குப் பதில் தனித்தனிப் பலகைகளைச் சொருகி மூடுவார்கள். எந்தப் பலகை எந்த இடம் என்று தெரிய எண் பொறித்திருக்கும். சிவாஜிநகர் பக்கம் ௧, ௨, ௩ என்று தமிழ் எண் பொறித்த பலகைகள் இன்னும் பரண்களில் கிடக்கின்றன. வயதைவிட அந்தக் கடைக்காரரின் மொழியை அவை காட்டிக்கொடுக்கும்.

நிலைவாசல் எழுத்து

எங்கள் நிலைவாசலில் இருந்தது இரண்டு சொற்களும் ஒரு குறியும்: 'விளம்பி ௵ சித்திரை'. நடுவில் உள்ள சுழி வருடம் என்பதற்கான தமிழ்க் குறியீடு. பழைய தமிழ்ப் பத்திரங்களிலும் இது அடிக்கடி வரும், தெரியாவிட்டால் கிறுக்கல் என்று தாண்டிவிடுவீர்கள்.

அறுபது ஆண்டுச் சுழற்சியில் விளம்பி 1838, 1898, 1958 ஆகிய மூன்றிலும் வரும். எது என்று தீர்மானிக்கப் பெயர் உதவாது, சுற்றுப்புறம்தான் உதவும். நிலைவாசலுக்கு மேலே கல் உத்திரத்துக்குப் பதில் ஒரு பழைய ரயில் தண்டவாளத் துண்டு போட்டிருக்கிறார்கள். கழித்துவிட்ட தண்டவாளத்தை இப்படிப் பயன்படுத்துவது அந்தக் காலத்தில் வழக்கம். ஜோலார்பேட்டையில் இருந்து பெங்களூரு கண்டோன்மெண்டுக்கு ரயில் வந்தது 1864ல். 1838 தானாக விழுந்துவிட்டது.

1958ஐ வெட்டுவது கடினமாக இருந்தது. வேறு எங்கோ இருந்த நிலையை யாராவது பிறகு கொண்டுவந்து பொருத்தியிருக்கலாமே? அல்லது 1958ல் புதிதாகச் செய்திருக்கலாமே? ஒரு வயதான கொத்தனாரை அழைத்து நிலையைச் சுற்றி இருந்த பூச்சைக் காட்டினேன். 'நிலையைப் பிடுங்கி வைத்திருந்தால் சுற்றிலும் ஒட்டுப்போட்ட தடம் தெரியும், தம்பி. இது சுவரோடு சேர்ந்து எழுந்த நிலை' என்றார். நிலையின் கொம்புகள் சுவருக்குள் போயிருந்தன, சுற்றிலும் அதே இளஞ்சிவப்புச் சாந்து. ஆகவே நிலையின் வயதே சுவரின் வயது. சுவர் 1958க்கு முந்தையது என்று காட்டக் காகிதம் தேவைப்பட்டது.

காகிதம்

கண்டோன்மெண்ட் பகுதிக் காகிதங்களைத் தேடுவோருக்கு முதலில் நிர்வாகத் தலைவலி புரிய வேண்டும். ஆங்கிலேயர் 1809ல் படைமுகாம் அமைத்த நாளில் இருந்து பெங்களூரு இரண்டு ஊர்: மைசூர் அரசின் பேட்டை, ஆங்கிலேயரின் முகாம். 1862ல் இரண்டுக்கும் தனித்தனி நகராட்சி வந்தது. முகாம் பகுதி 1947ல்தான் மைசூரிடம் திரும்பியது, 1949ல் இரண்டும் சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆயின. அதன் பிறகு 2007ல் ஒருமுறை விரிவடைந்து, 2025ல் கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் கதவு எண்கள் மாறின, சில கோப்புகள் காணாமல் போயின. சிக்பேட்டைக் கடையைத் தேடுபவரும் சிவாஜிநகர்க் கடையைத் தேடுபவரும் ஒரே அலமாரியைத் திறக்க முடியாது.

வீட்டில் இருந்து தொடங்குங்கள். உரிமையாளரிடம் மூலப் பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு சார்பதிவாளர் அலுவலகம். கர்நாடகப் பதிவுத்துறையின் காவேரி இணையதளத்தில் 2004 ஏப்ரலுக்குப் பிந்தைய வில்லங்க விவரங்கள் எளிதில் கிடைக்கும், அதற்கு முந்தையவற்றுக்கு நேரில் போய்க் கையெழுத்துப் பதிவேடுகளைத் தேட வேண்டும். பதிவுச் சட்டப்படி முதலாம் அட்டவணை ஆட்களின் பெயர் வரிசை, இரண்டாம் அட்டவணை சொத்து வரிசை. அசையாச் சொத்துப் பதிவுகள் அடங்கிய முதலாம் புத்தகத்தைக் கட்டணம் செலுத்தி யாரும் பார்வையிடலாம், உரிமையாளராக இருக்க வேண்டும் என்பதில்லை. பல எழுத்தர்களுக்கே இது நினைவில் இருப்பதில்லை. நான் போன ஓர் அலுவலகத்தில் மூன்று நாள் அலைக்கழித்தார்கள். நான்காம் நாள் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு நின்றேன், புத்தகம் வந்தது.

பத்திரத்தில் முன்பக்கத்தை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். சொத்து விவரத்தில்தான் கட்டடம் பேசும்: நான்கு எல்லை, அடி அளவு, 'ஓட்டுக் கட்டடம்', 'கிணறு', 'மச்சு', 'கதவு நிலைகள் சகிதம்' என்ற சொற்கள். இன்று சொல்லாத தெருப் பெயர்கள் வரும். எம்.ஜி. சாலை அன்று சவுத் பரேடு, சிவாஜிநகர் அன்று பிளாக்பள்ளி, அவென்யூ சாலை அன்று தொட்டபேட்டை. பழைய பெயர்ப் பட்டியல் ஒன்றை நீங்களே எழுதிக் கையில் வைத்திருங்கள். எல்லையில் வரும் அண்டைவீட்டுக்காரரின் பெயரும் முக்கியம். உங்கள் கட்டடத்தின் பத்திரம் கிடைக்காதபோது, அண்டைவீட்டுப் பத்திரத்தில் உங்கள் கட்டடம் எல்லையாக வந்து நிற்கும்.

எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது. பக்கத்து மனையின் 1926ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தில், மேற்கெல்லையாக எங்கள் மனையின் 'ஓட்டுக் கட்டடச் சுவர்' குறிப்பிடப்பட்டிருந்தது. பின்கட்டுச் சுவர் 1926ல் நின்றுகொண்டிருந்தது. நிலை சுவரோடு எழுந்தது. 1958 போய்விட்டது. மிஞ்சியது 1898 சித்திரை. அதே ஆண்டு ஆகஸ்டில் பிளேக் பெங்களூருவுக்குள் நுழைந்தது, நிலை வைத்துப் பூசை போட்டவர்கள் நான்கே மாதத்தில் ஊரைவிட்டு ஓடினார்களோ என்னவோ.

நேரம் இருந்தால் பெரிய காப்பகங்களுக்கும் போகலாம். விகாஸ சௌதாவில் உள்ள கர்நாடக மாநில ஆவணக் காப்பகத்தில் மைசூர் அரசுக் கோப்புகள் கிடைக்கும். முகாம் பகுதியை ஆண்ட மைசூர் ரெசிடென்சியின், அதாவது ஆங்கிலேய அரசுப் பிரதிநிதி அலுவலகத்தின், கோப்புகளுக்கு டெல்லியின் தேசிய ஆவணக் காப்பகம், அதன் அபிலேக் படல் இணையதளத்தில் பட்டியலைத் தேடிப் பார்த்துவிட்டுப் போகலாம். 1909ல் தொடங்கிய மிதிக் சொசைட்டி என்ற வரலாற்று ஆய்வுச் சங்கத்தின் நூலகம் நிருபதுங்கா சாலையில் இருக்கிறது, பழைய கெசட்டியர்களைப் புரட்ட அதைவிட அமைதியான இடம் இல்லை. சென்னையில் அச்சான அசைலம் பிரஸ் அல்மனாக் போன்ற வணிக டைரக்டரிகளில் பெங்களூரு வணிகர்களின் பெயர்களும் தொழில்களும் வரும். ஆண்டுவாரியாக ஒரு பெயர் எப்போது தோன்றி எப்போது மறைகிறது என்று குறித்தால் வாடகைதாரர்களின் வரிசை கிடைக்கும். ஒன்றை எச்சரிக்கிறேன்: பெரிய தெருக்களில் இருந்த ஐரோப்பியக் கடைகள் அவற்றில் நிரம்பி வழியும், சந்துக்குள் இருந்த முதலியார், பிள்ளை, செட்டியார் கடைகள் பாதிக்குப் பாதி இருக்காது. பெயர் இல்லை என்பதால் கடை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

படங்கள்

புகைப்படம் பெரும்பாலும் அதிர்ஷ்டம். ஹிக்கின்பாதம்ஸ் முதலிய நிறுவனங்கள் வெளியிட்ட பழைய தபால் அட்டைகளில் பெரிய தெருக்கள் கிடைக்கும், சந்துகள் கிடைக்காது. எனக்குப் பயன்பட்டவை கல்யாணப் படங்கள். கடை வாசலில் மாப்பிள்ளை ஊர்வலம் நிற்கும், பின்னால் பெயர்ப்பலகை தெரியும். அந்தத் தெருவில் நான்கு வீடுகளில் ஆல்பம் கேட்டேன், மூன்றாவது வீட்டில் சூரியன் போட்ட கைப்பிடிச் சுவர் கிடைத்தது. படத்தில் கடையின் முன்புறம் பலகைக் கதவுகள், ஷட்டர் இல்லை.

சேர்த்து எழுதுவது

கடைசியில் ஒரே பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள். முதலில் கட்டடத்தின் பகுதி, அடுத்து ஆண்டு வரம்பு, மூன்றாவதில் அதை எப்படி அறிந்தீர்கள் என்பது: கண்ணால் கண்டது, காகிதத்தில் கண்டது, காதால் கேட்டது. மூன்றாவது கட்டத்தை விட்டுவிட்டால் உங்கள் ஊகம் ஐந்து ஆண்டில் 'வரலாறு' ஆகிவிடும், அதை எழுதியவர் நீங்கள் என்பதே மறந்துபோகும். எங்கள் பக்கம் இப்படி இருந்தது: பின்கட்டுச் சுவரும் நிலையும் 1898. ஓடு 1865க்குப் பிந்தையது, அதற்கு மேல் இறுக்க முடியவில்லை. முன்பாதிக் கூரை 1912க்கும் 1934க்கும் இடையே. முகப்பு 1934. 1898க்கும் 1926க்கும் நடுவில் யார் இருந்தார்கள் என்பதற்கு எதிரே வெறுங்கோடு.

அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கடைக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டினேன். எதிர்க்கடையில் ஐம்பது ஆண்டாகத் தையல் வேலை செய்யும் பெரியவர் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து மெல்லப் படித்தார். 'எல்லாம் சரி தம்பி. ஆனால் மாடிப்படி இந்தப் பக்கம் இல்லையே. எங்கள் அப்பா காலத்தில் அந்த மூலையில் இருந்தது என்று சொல்வார்' என்றார். காதால் கேட்டது என்று குறித்துக்கொண்டு, அன்று மாலை கடை சாத்திய பிறகு மாடித்தளத்தில் அந்த மூலைக்குப் போய், குடைக்கம்பால் தட்டிக்கொண்டே நடந்தேன். நான்கடி அகலத்துக்கு ஓசை மாறியது.